மாண்ட்ரசோர் வகுத்த சட்டம்

பழிவாங்கும் கதைகள் என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதி 1846-இல் வெளிவந்த 'அமோன்டியாடோ பீப்பாய்'.

இத்தாலியில் கார்னிவல் கொண்டாட்டம் உச்சத்தில் இருக்கும் ஒரு மாலை. அமோன்டியாடோ என்ற அரிய மதுவைச் சுவைத்துத் தரம் சொல்ல வேண்டும் என்று ஆசைகாட்டி, மாண்ட்ரசோர் தன் நண்பன் ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்குள் அழைத்துப் போகிறான். முன்னோர்களின் எலும்புகள் குவிந்து கிடக்கும் அங்கே அவனைச் சங்கிலியால் பூட்டி, உயிரோடு சுவர் எழுப்பி மூடிவிடுகிறான். கதை அவ்வளவுதான்.

ஃபார்ச்சுனாட்டோ கோமாளி வேடத்தில் வருகிறான். தலையில் மணிகள் தொங்கும் தொப்பி, உடம்பில் போதை, நெஞ்சில் இருமல். மதுவை அறிந்தவன் தன்னைப் போல் யாருமில்லை என்ற கர்வம் அவனுக்கு உண்டு. மாண்ட்ரசோர் பிடித்துக்கொள்வது அந்தக் கர்வத்தைத்தான். "உடம்பு முக்கியம், திரும்பிவிடலாம், லுக்கேசியைக் கேட்டுக்கொள்கிறேன்" என்கிறான். போட்டியாளனின் பெயர் காதில் விழுந்ததும் ஃபார்ச்சுனாட்டோ தானே முந்திக்கொண்டு நடக்கிறான். தன் வேலைக்காரர்களிடமும் மாண்ட்ரசோர் கையாள்வது இதே தந்திரம்தான். 'விடியும்வரை வரமாட்டேன், யாரும் வீட்டைவிட்டு நகரக் கூடாது' என்று கட்டளை போட்டதால், அவன் தலை மறைந்ததும் அத்தனை பேரும் திருவிழாவுக்குப் போய்விடுகிறார்கள். மனிதர்களின் பலவீனத்தை இப்படித் துல்லியமாக அறிந்தவன் மாண்ட்ரசோர்.

இனி அவன் வகுத்த சட்டத்துக்கு வருவோம். பழி தீர்த்தவன் தண்டனைக்குள் சிக்கக் கூடாது. பழி தீர்க்கப்படுகிறது என்பது எதிராளிக்கும் உறைக்க வேண்டும். தொடக்கத்திலேயே அவன் சொல்லும் நிபந்தனைகள் இவை. இரண்டாவது நிறைவேறியதா? தான் செய்த குற்றம் இன்னது என்று ஃபார்ச்சுனாட்டோவுக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. அவன் முதலில் அலறுகிறான். பிறகு, நல்ல வேடிக்கை என்று சிரித்துப் பார்க்கிறான். கெஞ்சுகிறான். அதன்பின் அவனிடமிருந்து வருவது மணியோசை மட்டுமே. மாண்ட்ரசோரைப் பழிவாங்கத் தூண்டிய அவமதிப்பு என்னவென்று வாசகருக்கும் தெரிவதில்லை.

முதல் நிபந்தனை? சட்டத்தின் கையில் அவன் சிக்கவில்லை. ஆனால் 50 ஆண்டுகள் கழித்தும், 11 வரிசைச் சுவரை ஒவ்வொரு வரிசையாக நினைவுகூர்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசிக் கல்லை வைக்கும்போது நெஞ்சு ஏதோ செய்கிறது. நிலவறை ஈரத்தின்மேல் பழியைப் போட்டுவிடுகிறான். அவன் குலச் சின்னத்தில் ஒரு பாதம் பாம்பை நசுக்குகிறது. பாம்பின் பல்லோ அந்தக் குதிகாலிலேயே பதிந்திருக்கிறது. தன்னைப் பாதமாக எண்ணியவனுக்கு விஷமும் ஏறியிருக்கிறது.

போ இங்கே காவலரையோ நீதிபதியையோ கொண்டுவரவில்லை. கொலையாளியின் குரலை மட்டும் நம்மிடம் விடுகிறார். அந்தக் குரல் வகுத்த சட்டத்தாலேயே அவனை விசாரித்தால், மாண்ட்ரசோர் வழக்கில் தோற்றுப்போகிறான்.