படுக்கையிலிருந்து பறந்தவர்

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியின் தேயிலைச் சரிவில் நிற்போர், காலடியில் மேகம் தவழக் கண்டு, பறந்து செல்ல இயலாதா என்று ஏங்குவது இயல்பு. அவ்வேக்கத்தைக் கதையாக்கிய ருசிய எழுத்தாளர் அலெக்சாந்தர் பெலியாயெவை இன்று அறிவோம்.

1884இல் ஸ்மொலென்ஸ்க் நகரில் பிறந்த அவர், சட்டம் பயின்று வழக்கறிஞரானார். முப்பது வயதைக் கடந்தபின் முதுகெலும்பைக் காசநோய் பற்றியது. பல ஆண்டுகள் படுக்கையிற் கழிந்தன. உடல் மாவுக்கட்டுக்குள் அசைவற்றுக் கிடக்க, சிந்தனை மட்டுமே அவருக்குத் துணை நின்றது. அத்துன்பமே, உடலின்றி உயிர்வாழும் தலையைப் பற்றிய ‘பேராசிரியர் டோவெலின் தலை’ என்னும் கதையாக 1925இல் வெளிவந்தது.

அவருடைய ‘ஏரியல்’ நவீனம் 1941இல் வெளிவந்தது. இந்தியாவைக் கண்டிராத அவர், அதனைச் சென்னையை ஒட்டிய ஒரு பள்ளியில் தொடங்குகிறார். அங்கு வளரும் ஆங்கிலேய இளைஞன், விஞ்ஞானச் சோதனையொன்றால் பறக்கும் ஆற்றல் பெற்றுத் தப்புகிறான். மேல்நாட்டில் உறவும் புகழும் அவனுக்குக் கிட்டுகின்றன. ஆயினும், அவற்றைத் துறந்து, இந்தியாவில் தன்னை நேசித்த எளிய மக்களிடமே மீள்கிறான்.

1942 சனவரியில், செருமானியர் வசமிருந்த புஷ்கின் நகரில், பட்டினியால் நலிந்து பெலியாயெவ் காலமானார்.

சிறகு பெற்றவனுக்கும் அன்பு கிட்டிய மண்ணே ஊராயிற்று. தலைமுறைகளாகப் பிற மாநிலங்களில் வேரூன்றி வாழும் நமக்கு, இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.