தொட்டி மாற்றிய செடி



தொட்டி ரோஜா வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்: மண்ணைவிட வேரே அதிகம், போக இடமின்றிச் சுவரையே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அந்த வேரை விரலால் மெல்லப் பிரித்து, அழுகியதை வெட்டி, 2 அங்குலம் பெரிய தொட்டியில் வைக்க வேண்டும். உரம் அப்போது வேண்டாம். காயம்பட்ட வேரைக் கருக்கிவிடும். ஒரு வாரம் நிழல் போதும். அதற்குள் சில இலைகள் உதிரும். பட்டுப்போயிற்றென்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு!

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்துத் தோட்டத் தொழிலாளர், காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு கேட்கிறார். பிறந்த வீட்டிலிருந்து பெயர்ந்து வந்த மருமகளுக்கு நம் வீடுகளில் ஒரு வாரமாவது நிழல் கிடைக்கிறதா? முதல் ஞாயிறன்றே அவள் வைத்த குழம்பில் குறை தேடுகிறோம்.