அளவறிந்து அமைக்கும் டர்போ



மும்பையிலிருந்து புனே நோக்கிக் கண்டாலா மலைப்பாதையில் சுமை லாரி ஒன்று ஏறும்போது, எஞ்சினின் உறுமலுக்கு மேலாக மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று எழுவதை, அவ்வழியே பயணம் செய்யும் நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். டர்போ என்னும் கருவி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும்போது எழும் ஒலி அது. லாரிக்கு மலையேற உதவும் அதே கருவியைக் கொண்டு, சாலையில் ஓடும் விரைவுக் கார் ஒன்றின் திறனைப் பெருக்குவது எவ்வாறு என்பதையும், அதில் மனிதர் செய்யும் பெரும்பிழை எது என்பதையும் இன்று ஆராய்வோம்.

எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது பெட்ரோல் அன்று, காற்றே. பெட்ரோலை வேண்டிய மட்டும் ஊற்றிவிடலாம். அதை எரிக்கும் காற்று போதாதாயின் பயனில்லை. இக்குறையை நீக்கும் வழியை ஆல்ஃபிரட் பியூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டு, 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையில் வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் புதுக்காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுவது. இவ்வளவே அதன் தத்துவம். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டு சென்று, காற்று மெலிந்த அவ்விடத்திலும் டர்போ அதன் திறனைக் காக்கும் என்று மெய்ப்பித்தார். 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல், செவர்லே ஆகிய நிறுவனங்களின் கார்களில் டர்போ இடம்பெற்று விற்பனைக்கு வந்தது.

இனி நம் உதாரணத்துக்கு வருவோம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1993 முதல் 2002 வரை உருவாக்கிய சூப்ரா என்னும் காரை, இத்துறையில் ஈடுபட்டோர் அனைவரும் அறிவர். அதன் எஞ்சின் 2997 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்தவை. உடல் வார்ப்பிரும்பால் ஆனது. அதில் இரு சிறிய டர்போக்கள் இருந்தன. வேகம் குறைந்த நிலையில் ஒன்று மட்டும் உழைக்கும். நிமிடத்துக்குச் சுமார் 4000 சுற்றுகளை எட்டும்போது மற்றதும் சேர்ந்துகொள்ளும். ஜப்பானில் இதற்கு 280 குதிரைத்திறன் என்றும், அமெரிக்காவில் 320 என்றும் அறிவித்தனர்.

இவ்விரட்டை அமைப்பு நயமானது. ஆயினும் வால்வுகளும் ரப்பர்க் குழாய்களும் பின்னிக் கிடக்கும் சிக்கல் மிகுந்தது. ஜப்பானில் விற்ற கார்களில் டர்பைன் சக்கரம் பீங்கான் வகைப் பொருளால் ஆனது. அழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் அது உடைந்துவிடும். ஆகவே, திறனைப் பெருக்க விரும்பியோர் அவ்விரண்டையும் கழற்றிவிட்டு, பெரிய டர்போ ஒன்றைத் தாமே அமைக்கலாயினர்.

ஓர் இளைஞர் இப்பணியில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கேட்பது, "கிடைப்பதிலேயே பெரிய டர்போ எது?" என்பதாகவே இருக்கும். பெரும்பிழை இங்கேதான் தொடங்குகிறது. அவர் கேட்க வேண்டிய கேள்வி, "என் கார் எதற்காக?" என்பது. சாலையில் ஓட்டுவதற்கு 500 குதிரைத்திறன் வேண்டும் என்று அவர் முடிவு செய்தால், மற்றவை அனைத்தும் கணக்கால் விளங்கும்.

இந்த எஞ்சின் இரு சுற்றுகளுக்கு ஒருமுறை மூன்று லிட்டர் காற்றை உட்கொள்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளாயின் 9000 லிட்டர். எடையில் சுமார் பத்தரைக் கிலோ. 500 குதிரைத்திறனுக்கோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 கிலோ காற்று தேவை. எனவே காற்றை வளியழுத்தத்தின் சுமார் இரண்டேகால் மடங்குக்கு அழுத்த வேண்டும். காற்றின் அளவு, அழுத்த மடங்கு ஆகிய இவ்விரு எண்களையும் கொண்டு, டர்போ செய்வோர் வெளியிடும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், எந்தச் சக்கரம் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

இத்தேவையை நிறைவேற்றும் டர்போக்களில் சிறியதையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. பெரிய சக்கரம் கனமானது. அதைச் சுழற்றப் புகை பெருக வேண்டும். புகை பெருக எஞ்சின் வேகமாக ஓட வேண்டும். அதுவரை ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் கார் சோம்பிக் கிடக்கும். பிறகு திடீரெனப் பாயும். பந்தயத்தடத்தில் இதைப் பொறுக்கலாம். மழை பெய்த சாலையில், வளைவின் நடுவில் அந்தப் பாய்ச்சல் வருமாயின், ஓட்டுபவரின் உயிருக்கே ஊறு நேரும். விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும்.

டர்போவைத் தேர்ந்த பின், புகையை அதற்குக் கொண்டு சேர்க்கும் குழாய்த்தொகுதியைக் கவனிக்க வேண்டும். பட்டறைகளில் இதை மேனிஃபோல்டு என்பர். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் எரிகின்றன. முன் மூன்றிலும் பின் மூன்றிலும் எரிப்பு மாறி மாறி நிகழ்வதை இவ்வரிசையே காட்டும். ஆகவே முன் மூன்றின் புகையை ஒரு வழியாகவும், பின் மூன்றின் புகையை மற்றொரு வழியாகவும் டர்பைன் வரையில் பிரித்தே நடத்தினால், ஒன்றின் உந்துதலை மற்றொன்று கெடுக்காது. டர்போவும் விரைவில் விழித்துக்கொள்ளும். புகையின் வெப்பம் 900 டிகிரி சென்டிகிரேடை எட்டக்கூடும். உலோகம் சிவந்து விரிந்து, ஆறிச் சுருங்கும். ஆதலால் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்வோர், டர்போவின் எடை முழுவதையும் பற்றவைப்பின்மீது சுமத்தாமல் தனித் தாங்கி ஒன்று கொடுப்பர். அதைக் கொடாதவர் சில மாதங்களில் வெடிப்பைக் காண்பர்.

அடுத்து வேஸ்ட்கேட் என்னும் போக்குக் கதவு. குறித்த அழுத்தம் வந்ததும் இது திறந்து, மிகுதிப் புகையை டர்பைனுக்குச் செல்லவிடாமல் வேறு வழியே விடுகிறது. இது சிறிதாக இருந்தாலோ, புகை எளிதில் திரும்ப இயலாத மூலையில் இருந்தாலோ, கதவு முழுதும் திறந்த பின்னும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஏரிக்குக் கலிங்கு எத்துணை இன்றியமையாததோ, டர்போவுக்கு இக்கதவும் அத்துணை இன்றியமையாதது. கலிங்கு அடைபட்டால் கரை உடைவது திண்ணம்.

எண்ணெயையும் மறத்தலாகாது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதைத் தாங்குகிறது. எண்ணெய் அழுத்தத்துடன் உள்ளே சென்றாலும், திரும்பி வருவது தன் எடையால்தான். ஆகவே டர்போ, எஞ்சினின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும். திரும்பும் குழாய் அகலமாகவும் சரிவாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் தேங்கி, முத்திரைகளின் வழியே கசிந்து, நீலப்புகையாக வெளிவரும். கடுமையாக ஓட்டிய பின் எஞ்சினைச் சட்டென நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவதும் நன்று. தேங்கிய எண்ணெய் கருகாமல் இருக்கும்.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிள் பம்பை அடித்தவர்கள் இதைக் கையாலேயே உணர்ந்திருப்பர். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை மேற்கூறிய அளவுக்கு அழுத்தினால், நல்ல கம்ப்ரஸராயினும் அது 120 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதைக் குளிர்விக்க, காரின் முகப்பில் இன்டர்கூலர் பொருத்துவர். குளிர்ந்த காற்று செறிவு மிக்கது. அது எஞ்சினுக்குப் பாதுகாப்பும் ஆகும். சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடிப்பதுண்டு. அவ்வெடிப்பு சம்மட்டி அடிபோல் பிஸ்டனைத் தாக்கும். சில நொடிகளில் பிஸ்டன் உடையலாம்.

இதைத் தடுக்கப் பெட்ரோலும் அளவோடு வேண்டும். மிகுந்த அழுத்தத்தில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 12 கிலோவுக்கு மேற்படாத காற்று என்ற விகிதத்தைக் காப்பர். 23 கிலோ காற்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ பெட்ரோல். அதாவது நிமிடத்துக்கு இரண்டரை லிட்டருக்கு மேல். இதை ஆறு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்து, அவை இடையறாது திறந்திருக்கலாகாது என்பதையும் கருதினால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 550 கன சென்டிமீட்டருக்குக் குறையாமல் தர வல்லதாக இருக்க வேண்டும். ஜப்பானியக் காரில் இருந்தவை 440 அளவினவே. பம்பும் குழாயும் அதற்கேற்பப் பெருக வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் ஆளும் மின்னணுக் கருவிக்குப் புதிய கணக்கு எழுத வேண்டும். திறனை அளக்கும் டைனமோமீட்டரின்மீது காரை நிறுத்தி, குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெடிப்பொலி கேட்கிறதா என்று பார்த்துச் செய்யும் வேலை இது. டர்போவுக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டு இங்கே சிக்கனம் பிடிப்பவரே எஞ்சினை இழக்கிறார்.

எஞ்சின் தாங்கினால் மட்டும் போதுமா? கிளட்ச் வழுக்காமல் இருக்க வேண்டும்; பிரேக் அவ்வேகத்தை நிறுத்த வேண்டும்; டயர் அத்திறனைச் சாலையில் பதிக்க வேண்டும். திறனைப் பெருக்கியவர் நிறுத்தும் வலிமையைப் பெருக்காவிட்டால், அவர் செய்தது பாதி வேலை. அதுவும் ஆபத்தான பாதி.

நம் நாட்டில் வாழ்வோர் சட்டத்தையும் கருத வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே இத்தகைய முயற்சிக்கு நம்மிடையே உரிய இடம் பொதுச்சாலை அன்று, பந்தயத்தடமே. தலைநகருக்கு அருகே கிரேட்டர் நொய்டாவிலும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையிலும் அத்தகைய தடங்கள் உண்டு. எதிரே குழந்தையோ முதியவரோ குறுக்கிடாத இடம் அது.

முடிவாக ஒன்று கூறுவேன். இவ்வேலையில் பெரிய உறுப்பு என்று எதுவும் தனியே இல்லை. காற்று, பெட்ரோல், எண்ணெய், வெப்பம், அழுத்தம் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்திசைய வேண்டும். அவற்றுள் எது மிக நலிந்ததோ, அதன் வலிமையே முழு எஞ்சினின் வலிமை. தன் தேவையை முதலில் அளந்தறிந்து, அதற்கு மேல் ஆசைப்படாதவர் அமைத்த கார் பல்லாண்டு ஓடும். பெரியதை வாங்கிப் பெருமை பேசியவரின் காரோ, பெரும்பாலும் பட்டறை மூலையில் தார்ப்பாயின்கீழ் உறங்கும்.