எலியைப் பிடிப்போம், விஷம் வேண்டாம்

(ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வங்கிக் கடன், தவணை, தீர்மானப் புத்தகம் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசினவங்க நல்லாப் பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு எலி. தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிச்சீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா போன மாதக் கூட்டத்தில் இதே பின்வரிசைதான் அதிகமாகப் புலம்பியது. "மரவள்ளிச் செடி பச்சையா நிக்குது, பிடுங்கினா கிழங்கு இல்லை." "பதினைந்து கோழிக்குஞ்சு வாங்கினேன், ஆறுதான் மிச்சம்." குஞ்சு வாங்கினது குழுக் கடனில். குஞ்சு எலி வாயில் போனாலும் தவணை நம்ம கையில்தான் நிற்கும். அதனால் இதுவும் கடன் பற்றிய பேச்சுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் கொல்லையில் தோட்டம் போட்டோம். கத்தரி, வெண்டை, கீரை, வேர்க்கடலை, மூலையில் நாலு மரவள்ளி. பக்கத்தில் கோழிக்கூண்டு. தோட்டம் நல்லா வந்தது, எலியும் நல்லா வந்தது. தீனி, தண்ணி, ஒளிய இடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது ஏன் வேறு ஊருக்குப் போகப் போகிறது?

எலி என்று ஒரே பெயரில் சொல்கிறோம், வருவது பல வகை. வரப்போரத்திலும் கொல்லை மூலையிலும் மண்ணைக் குவித்துத் தள்ளி வளை தோண்டுவது வயல் எலி. கடலையும் கிழங்கும் போவது பெரும்பாலும் இதனால்தான். இதைவிடப் பெரிசு பெருச்சாளி. அதைப் பார்த்தால் வீட்டுப் பூனையே ஒதுங்கிப் போகும். கூரையிலும் தென்னை மரத்திலும் ஏறுவது வீட்டு எலி. சுவரோரமாகவே கீச்சுக்கீச்சென்று ஓடுகிற மூஞ்சூறு இருக்கிறதே, அது எலி இனமே கிடையாது. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. நாற்றம் அடிக்கும், அது ஒன்றுதான் அதன் குற்றம். அதை அடிக்காதீங்க.

ஒரு பெட்டை எலி ஏறக்குறைய மூன்று வாரம் சினையாக இருந்து ஆறு, எட்டுக் குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். இந்த வட்டிக்கு முன்னால் எந்தக் கந்துவட்டியும் நிற்காது. நான் என் வீட்டில் மட்டும் பொறி வைத்து இரண்டு பிடித்தால், காலியான வளைக்குப் பக்கத்து வீட்டு எலி குடிவந்துவிடும். எலிக்குப் பட்டாவும் கிடையாது, எல்லைக்கல்லும் கிடையாது. அதனால்தான் இது ஒரு வீட்டு வேலை இல்லை, ஒரு குழுவின் வேலை என்கிறேன். ஒரே தெரு, ஒரே நாள்.

எங்க தெருவில் எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். பதினோரு வீடு. முதலில் ஒரு சாயங்காலம், கொல்லையில் கண்ணில் படுகிற வளையை எல்லாம் ஈரமண்ணால் அடைத்தோம். மறுநாள் காலையில் எது திறந்து கிடக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. மூடினது மூடினபடி இருந்தால் அது பழைய வளை, அதைத் தோண்டி வீண் வேலை செய்ய வேண்டாம். குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டோம்.

அடுத்தது சுத்தம். இதைச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு, ஆனா முக்கால்வாசி வேலை இதில்தான் முடிகிறது. தென்னை மட்டை, விறகு, பழைய செங்கல், உடைந்த ஓடு எல்லாம் சுவரை ஒட்டிக் குவிந்து கிடந்தால் அடியில் எலிக் குடும்பம் இருக்கும். விறகை நாலு கல் வைத்துத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி அடுக்குங்கள். குப்பைக் குழியில் தழை, சாணம் போடலாம். மிச்சச் சோறும் மீன் கழிவும் போட்டுத் திறந்து வைத்தால் அது எலிக்குப் பந்தி. போட்டால் மேலே மண் தள்ளி மூடணும். கோழித் தீவனத்தை இருட்டும் முன்னால் எடுத்து மூடியுள்ள தகர டின்னில் வைக்கணும். கோணிப்பை போதாது. எலியின் முன்பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்குப் பிழைப்பு. பிளாஸ்டிக் டப்பாவையே ஓட்டை போட்டுவிடும். கோழிக்கூண்டுக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை, அடிப்பக்கமும் சேர்த்து. ஒரு ரூபாய்க் காசு அளவு சந்து இருந்தால் எலி உள்ளே போய்விடும்.

தென்னை வைத்திருப்பவங்க, மரத்தில் ஆள் உயரத்தில் ஒரு முழ அகலத் தகரத்தைச் சுற்றி ஆணி அடித்தால் எலி வழுக்கி ஏற முடியாது. ஆனா பக்கத்து மரத்தின் மட்டை இந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண். அது பாலம் வழியாக வந்துவிடும்.

பிறகு பொறி. எலி சந்தேகப் பிராணி. நேற்று இல்லாத பொருள் இன்று வழியில் இருந்தால் கிட்டே வராது. "பொறி வச்சேன், ஒண்ணும் விழலை" என்று மறுநாளே மூலையில் தூக்கிப் போடுகிறோம். முதல் மூன்று ராத்திரி கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே தீனி மட்டும் வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, நம்ம ஊர் மசால் வடை. பயம் போய்த் தின்ன ஆரம்பித்த பிறகு நாலாவது ராத்திரி கதவைப் பூட்டி வையுங்கள். தோட்ட நடுவில் வேண்டாம், சுவரோரமாக வையுங்கள். எலி திறந்தவெளியில் நடக்காது, ஓரம் பிடித்துத்தான் போகும். விழுந்ததைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் விடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அடுத்த தெருவிலும் நம்ம கூட்டமைப்புக் குழுதான் இருக்கிறது, ஞாபகம் வையுங்கள்.

அடையாளம் வைத்த வளைகளுக்கு இருளர் குடும்பத்து அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டோம். அவங்க வேலையை நின்று பார்க்கணும். வளையின் வாயைப் பார்க்கிற நேரத்தைவிட அதைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்கிற நேரம் அதிகம். எலி தப்பிக்கிறதுக்கு என்று மெல்லிசாக மண் மூடின வேறு வாய் வைத்திருக்கும். அது எங்கே என்று அவங்க காலால் மிதித்தே சொல்லிவிடுவாங்க. அதை அடைத்த பிறகுதான், மண்பானையில் வைக்கோலும் தழையும் போட்டுப் புகை ஊதுவாங்க. அந்தப் புகையை வாயால் ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப் போகிறது என்றுதான் கையால் சுற்றுகிற இரும்புக் கருவி வந்தது. 2003இல் அதற்கு உலக வங்கியின் பரிசு கிடைத்தது. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். அதுவும் நம்மைப் போல ஒன்றாகச் சேர்ந்து நடத்துகிற சங்கம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எலி பிடிக்க வருகிறவங்களிடம் "எலிதானே" என்று கூலியைக் குறைக்காதீங்க. பதினோரு வீடும் பங்கு போட்டுக் கொடுத்தோம், வீட்டுக்கு வந்தது ஒரு கிலோ கோழித் தீவனத்தின் விலைகூட இல்லை. வளைக்குள் கிடைத்த நெல்லும் கடலையும் அவங்களுக்கே. அது வழக்கம்.

இன்னும் இரண்டு கூலியில்லாத ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று கூகை. அது கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். ராத்திரி முழுக்க நமக்காக எலி பிடிக்கிறது அது. இன்னொன்று சாரைப்பாம்பு. அதற்கு விஷம் கிடையாது. ஆனா ஒன்று, எலி நிறைய இருந்தால் சாரை மட்டும் வராது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அதே தீனிக்குத்தான் வரும். விடியுமுன் இருட்டில் கொல்லைக்குப் போகிறவங்க நாம்தான். டார்ச் எடுக்காமல் போகாதீங்க, எந்த வளைக்குள்ளும் கையை விடாதீங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

சில பேர் எலிக்கும் பன்றிக்கும் என்று வேலியில் கரண்டு கம்பி இழுக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அதில் மிதித்துச் செத்தவர்கள் செய்தி தமிழ்நாட்டில் வருஷா வருஷம் வருகிறது. களை எடுக்கப் போனவங்க, மாடு தேடிப் போனவங்க, கம்பி போட்டவரே. குழு உறுப்பினர் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால், கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது எலி பேஸ்ட். பல்பசைக் குழாய் மாதிரி வரும், தேங்காயிலோ தக்காளியிலோ வடையிலோ தடவி வைப்பார்கள். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். இதற்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டிருக்கிறது. தடை போட்ட பிறகும் எந்தப் பெட்டிக்கடையிலாவது கிடைத்தால் வாங்காதீங்க, பழையது வீட்டில் இருந்தால் வைத்திருக்காதீங்க. தோட்டத்தில் வடை கிடந்தால் அது எலிக்கு வைத்தது என்று மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியுமா? பல்பசை என்று நினைத்துப் பல் துலக்கியவர்கள் கதை செய்தியில் வந்திருக்கிறது. இந்த விஷத்தின் கொடுமை, முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி வந்து அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் கெட்டுப்போனது தெரியும். இதற்கென்று தனி மாற்று மருந்தும் கிடையாது. அதனால் கொஞ்சம் பட்டது என்றாலும், "நல்லாத்தான் இருக்கா" என்று நினைத்தாலும், அந்த நிமிஷமே 108ஐக் கூப்பிடுங்கள். பாலோ எண்ணெயோ உப்புத்தண்ணியோ கொடுக்காதீங்க. காலிக் குழாயையும் கையில் எடுத்துப் போங்க.

பேஸ்ட் மட்டும் இல்லை. தானியத்துக்கு வைக்கிற மாத்திரையை எலி வளையில் போடுகிறார்கள். அதிலிருந்து வருகிற வாயு மூடின வீட்டுக்குள் வந்தால் மனுஷரைக் கொல்லும். 2024 நவம்பரில் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தது நாம் எல்லோரும் படித்த செய்திதான். விஷம் தின்று சாகிற எலி நம் வசதிக்குச் சாகாது. அதைத் தின்கிற கூகையும் நாயும் பூனையும் சேர்ந்து போகும்.

இன்னொன்றும் சொல்லணும். இதைச் சபையில் பேசலாமா என்று தயங்கினேன், தலைவி அக்கா பேசச் சொன்னார்கள். நம்ம வீடுகளில் கஷ்டம் இருக்கிறது. தவணை, குடிப்பழக்கம், மாமியார் மருமகள், பிள்ளையின் பரீட்சை மார்க். மனசு உடைகிற ஒரு நேரம் யாருக்கும் வரும், பெரும்பாலும் அது கொஞ்ச நேரத்தில் கடந்தும் போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற அலமாரியில் விஷம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எலிக்கு என்று வாங்கியது எலியோடு நின்ற வீடும் உண்டு, நிற்காத வீடும் உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கிற சில பேருக்கு அது யார் வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எங்க குழுவில் தீர்மானம் எழுதினோம்: உறுப்பினர் வீட்டில் எலி விஷம் வைப்பதில்லை, பொறிக்குக் குழு பொறுப்பு. மனசு சரியில்லாத அக்கா தங்கச்சி யாராக இருந்தாலும் 104க்கோ 14416க்கோ போன் போடலாம், எந்த நேரமும் பேசுவார்கள். அதற்கு முன்னால் எங்களிடம் வந்து உட்காரலாம். கடன் தவணை தள்ளிப் போனால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

எலிக் காய்ச்சலைப் பற்றி இரண்டு வார்த்தை. எலியின் மூத்திரம் கலந்த ஈரமண்ணும் தேங்கின தண்ணியும் காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக அந்த நோயைக் கொடுக்கும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்காதீங்க. கடுமையான காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண் சிவந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "நான் ஈரமண்ணில், எலி நடமாடுகிற இடத்தில் வேலை பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் சீக்கிரம் வரும். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையில் குணமாகும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் கவர் போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கணும்.

எங்க தெருவில் இப்போ எலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒன்று பொறியில் விழுந்தது. மரவள்ளி மட்டும் இந்தத் தடவை கிழங்கோடு வந்தது, குஞ்சுகளும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வளை அடைத்துப் பார்க்கிற வேலையைத் தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

எங்க குழுவிடம் எட்டுப் பொறி இருக்கிறது. எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் ஒரு வாரத்துக்குத் தருவோம், வாடகை இல்லை. தெருவில் எல்லா வீடும் சம்மதம் சொல்லிவிட்டுக் கேளுங்கள், ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்டால் தரமாட்டோம். இருளர் குடும்பத்தை வரச்சொல்ல நான்கு நாள் முன்னாலேயே என்னிடம் சொல்லிவிடுங்கள். பொறியைச் சுடுதண்ணியில் கழுவித் திருப்பித் தரணும். மசால் வடை உங்க செலவு.