இலவச வைத்தியமும் ஒரு நாள் கூலியும்

மும்பையில் தாராவியை அடுத்து மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. லோகமான்ய திலகரின் பெயர் தாங்கியது; நம்மவர் வாயில் அது சயான் ஆஸ்பத்திரிதான். அங்கே கட்டணம் சொற்பம். ஆதலால் ஏழைக்கு வைத்தியம் எளிதாயிற்றென்று நாம் எண்ணிவிடுகிறோம்.

மாதச் சம்பளம் பெறுவோர் காய்ச்சல் கண்டால் விடுப்பு எழுதிக் கொடுக்கிறோம், சம்பளம் குறைவதில்லை. தோல்பை தைப்பவரோ, இட்லி சுமந்து விற்பவரோ, காலைமுதல் வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. அதுவே அவர் செலுத்தும் கட்டணம். ஆகவே இருமலைப் பொறுத்துக்கொள்கிறார். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அதுவும் காசநோய் மருந்தும் அரசினரிடம் இலவசம். அவர் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கும். வீட்டில் வேறொருவரும் இருமத் தொடங்கியிருப்பார்.

பணமில்லாக் காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமற் போகலாகாதென்று ஸர் ஜோஸப் போர் தலைமையிலான குழு 1946-இல் கூறிற்று. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. பேருதவிதான், ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கே அது. சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அன்று. 2021-22-இல் நாட்டின் மருத்துவச் செலவில் 100-க்கு 39 ரூபாய் மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர்.

மும்பை மாநகராட்சி 2022-இல் 'ஆப்லா தவாகானா' என்னும் சிறு வைத்தியசாலைகளைத் தொடங்கியபோது, இரவு 10 மணிவரை திறந்து வைக்க ஏற்பாடு செய்தது. கூலி வாங்கிய பிறகும் போகலாம். ஊரிலிருந்து புதிதாய் வந்து, மராத்தியும் இந்தியும் அறியாதிருக்கும் பக்கத்து அறைக்காரருக்கு இதை நாம் சொல்லியிருக்கிறோமா?