வெயிலும் நமது தோலும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வெளிநாட்டிலிருந்து புளியங்குளத்துக்கு வரும் நம்மில் பலருடைய பெட்டிகளில் இப்போது சன் கிறீம் ஒன்றிரண்டு இருக்கிறது. அதை வாங்கும் தங்கைமார் முதலில் கேட்பது, "இதைப் பூசினால் வெள்ளையாகலாமா?" என்பதுதான். ஆக முடியாது. சன் கிறீம் நிறத்தை மாற்றுவதற்கானதல்ல. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களைத் தடுப்பதற்கானது. இந்த வேறுபாடு தெரியாமல் சில பிள்ளைகள் கெடுதியான பூச்சுகளைத் தேடிப் போகிறார்கள். அதனாலேயே இன்று இதைப் பேசுகிறோம்.

சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் மதியம் 12.10 மணியளவில் சூரியன் நமது ஊருக்கு நேர் மேலே நிற்கும். ஓகஸ்ட் முடிவில், சிறுபோக அறுவடையை ஒட்டி, மறுபடியும் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புறஊதாச் சுட்டெண் 3 ஆனாலே பாதுகாப்புத் தேவை. 11ஐத் தொட்டால் அது மிகக் கடுமையான நிலை. நமது நண்பகல் வெயில் அந்த உச்சத்தைச் சாதாரணமாகவே தொடும். சுட்டெண்ணைப் பார்க்க வசதியில்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் கதிர் கடுமையான நேரம்.

அவுஸ்திரேலியாவில் 1981இல் விக்ரோறியா மாநிலப் புற்றுநோய்ச் சங்கம் ஒரு பிரசாரம் தொடங்கியது. சட்டை அணி, கிறீம் பூசு, தொப்பி போடு என்பதே அதன் செய்தி. அங்கே வெள்ளைத் தோலினருக்குத் தோற்புற்றுநோய் பெரும் பிரச்சினை. நமது கறுத்த தோலிலுள்ள மெலனின் இயற்கைக் குடை போன்றது. அந்த ஆபத்து நமக்கு மிகக் குறைவு. ஆகவே வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படை படர்வதற்கும், கண்ணில் வெண்புரை வளர்வதற்கும் வெயில் ஒரு காரணம். லூபஸ் நோயாளருக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதோருக்கும் வெயில் உண்மையிலேயே ஆபத்தானது. எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலில் வேலை செய்வோருக்குக் கொடுக்கப்படும் டொக்ஸிசைக்ளின் மாத்திரையும் வெயிலில் தோல் எளிதில் கருகச் செய்யும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. எஸ்.பி.எப். 30 போதும். அது தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 வீதத்தைத் தடுக்கிறது. 50 தடுப்பது சுமார் 98 வீதம். யூ.வி.ஏ. கதிரையும் தடுக்கும் என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். கரும்படை உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறமுள்ள கிறீம் நல்லது. ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கரும்படையைக் கூட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்துப் பூச வேண்டும். பொட்டுப் போலத் தொட்டு வைத்தால் பயனில்லை. வெயிலில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், வியர்த்துத் துடைத்த பின்னும் மறுபடி பூச வேண்டும்.

இப்படிப் பூசினால், நாளுக்கு இரண்டு தடவை என்றாலும், 50 மில்லிலீற்றர் ஒரு மாதத்துக்குக் காணாது. நாள் முழுக்க வயலில் நிற்கும் தாய்மாருக்கு இது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு நீளக்கைச் சட்டையும், அகல விளிம்புத் தொப்பியும், நண்பகல் ஓய்வுமே சிறந்த காப்பு. துணி வியர்வையில் கரைந்து போகாது.

இனி, வெள்ளையாக்கும் பூச்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாக்களில் பாதரசமோ ஸ்டீரோயிட் மருந்தோ கலந்திருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரோயிட் முதலில் முகத்தைப் பளிச்சிடச் செய்து, பிறகு தோலை மெலிதாக்கி, பருவையும் சிவப்பையும் கொண்டுவரும். இவற்றைப் பூசி வந்த பிள்ளைகள் ஒளிக்க வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025உடன் முற்றாக நிறுத்த 2023இல் முடிவு செய்தன. ஆனால் சட்டம் எல்லாக் கடைக்கும் எட்டுவதில்லை. பெட்டியில் இவற்றைக் கொண்டு வராமலிருப்பது நமது கையில் இருக்கிறது.

கறுத்துவிடுவோம் என்று பயந்து மெய்வல்லுநர் போட்டியிலிருந்து ஒதுங்கும் மாணவிகள் இன்றும் இருக்கிறார்கள். நூறாண்டு கண்ட சங்கமாகிய நாம் அவர்களுக்கு என்ன செய்யலாம்? பயிற்சியைக் காலை ஒன்பதுக்கு முன்னும் பிற்பகல் மூன்றரைக்குப் பின்னும் வைக்கும்படி கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொப்பி கொடுக்கலாம். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வேம்பும் புளியும் நடலாம். புளியமரத்தையும் குளத்தையும் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் நமது பிள்ளைகள் நிழலுக்கு அலையக் கூடாது.

மாணவிகளே, ஓடுங்கள், விளையாடுங்கள். உங்கள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை.