மூன்று தலைமுறை, ஒரு படம்: புல் எங்கே, நிலம் எங்கே?

(புகைப்படப் பட்டறையில் பேசியது. பேச்சுநடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



பரம்பரையாகக் கைத்தொழில் செய்யிற குடும்பங்களைப் படம் எடுக்கப்போறம் எண்டு முடிவெடுத்திருக்கிறியள். நல்ல விசயம். கமெராவைத் தூக்க முதல் ஒரு படத்தைப் பற்றிக் கதைப்பம். உங்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச படம்தான். பாட்டி, மகள், பேத்தி, மூண்டு பேர் மடியிலயும் அரைவாசி பின்னின கூடை. கீழே ஒரு வரி: "தலைமுறை தலைமுறையாக."

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம், சார்ள்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் பிளசன்ற் என்ற ஊர். அங்கே கூடை பின்னும் கல்லா-கீச்சி மக்களை இப்படி எத்தனையோ பேர் படம் எடுத்துவிட்டார்கள். ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அந்தக் கரையோர நெல் வயல்களில் வேலை வாங்கப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். அன்று பின்னியது நெல் புடைக்கும் வட்டத்தட்டு. எங்கட சுளகு செய்யிற அதே வேலை. அதைப் பின்னியவர்களில் ஆண்களே அதிகம். இன்று பின்னுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுவீட்கிராஸ் என்ற மெல்லிய புல்லைக் கத்தையாக்கிச் சுருளாகச் சுற்றி, பால்மெட்டோ என்ற பனை இன மரத்தின் ஓலைக்கீற்றால் தைப்பார்கள். ஊசிக்குப் பதிலாகப் பலர் கையில் இருப்பது தலை வெட்டின கரண்டிக் காம்பு.

1929இல் கூப்பர் ஆற்றுக்கு மேலால் பாலம் வந்தது. அடுத்த சில வருடங்களில் 17ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் பெண்கள் கூடைக்கடை போட்டார்கள். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம். கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை வெள்ளையர் வீட்டுச் சமையலறையும் வயலும்தான். தெருவோரக் கடையில் வந்த காசு அவளுடைய கைக்கு வந்தது. ஆகவே "தலைமுறை தலைமுறையாக" என்பதற்குள் ஒரு பொருளாதார முடிவும் இருக்கு. அதை எந்தப் படத்தின் கீழும் நான் காணேல்லை.

2006இல் அந்த மாநிலம் இந்தக் கூடையைத் தன் அதிகாரபூர்வக் கைவினையாக அறிவித்தது. ஆனால் புல்? அது மணல்மேட்டுக்குப் பின்னால், உப்புச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வளர்வது. அந்தக் கரையோரத்தில் பெரும்பகுதி இப்ப வாயில்காவல் போட்ட பணக்காரக் குடியிருப்பு, உல்லாச விடுதி, கோல்ஃப் மைதானம். பின்னுபவர்களுக்கு ஜோர்ஜியா, புளோரிடாவில் இருந்து புல் வரவேண்டியிருக்கு.

நிலமும் அப்படித்தான். அடிமைத்தனம் முடிந்தபின் வாங்கிய காணிகள் உயில் இல்லாமல் வாரிசுகள் எல்லாருக்கும் பொதுவாக இறங்கின. ஒரு வாரிசின் பங்கை ஒரு நிறுவனம் வாங்கினால் போதும், நீதிமன்றம் போய் முழுக் காணியையும் விற்க வைக்கலாம். 2016இல்தான் அங்கே இதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. பாட்டியின் கைச்சுருக்கங்களை நெருக்கத்தில் எடுத்தால் படம் வடிவாக வரும். வேலியும் வாயில்காவலும் அதுக்குள்ள வராது.

இனி, படம் ஆருக்குச் சொந்தம்? அதே தென் கரோலினா, 1850. ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசி, இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று நிறுவுவதற்கு அடிமைகளைப் படம் எடுப்பித்தார். ரென்ரி என்ற தகப்பன், டெலியா என்ற மகள். உடை களைந்து நிற்பாட்டினார்கள். கவனியுங்கோ, அதுவும் ஒரு தலைமுறைப் படம்தான். தான் ரென்ரியின் வழித்தோன்றல் என்று சொன்ன தமாரா லேனியர் 2019இல் வழக்குப் போட்டார். படங்களுக்கு அவர் உரிமை கோர முடியாது, ஆனால் மனவேதனைக்காக வழக்காடலாம் என்று 2022இல் மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025இல் இணக்கம் ஏற்பட்டு, படங்களை சார்ள்ஸ்டனில் உள்ள ஆபிரிக்க-அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்ட் ஒத்துக்கொண்டது. 175 வருடம்.

எங்கட பக்கம் வருவம். தமிழில "பரம்பரை" எண்டது அப்பாவிச் சொல் இல்லை. கூடை முடையும் குறவர்களை வெள்ளைக்காரன் அரசு "குற்றப் பரம்பரை" என்று பட்டியல் போட்டது. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தேர்ஸ்ட்டனின் நூலில் மக்கள் சாதிசாதியாகப் பிரிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டிருக்கிறார்கள். 1953இல் ராஜாஜி, பிள்ளைகள் அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்ற குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்துப் போராடித்தான் அதை அடுத்த வருடம் கைவிடச் செய்தார்கள். தொழில் பிள்ளைக்குப் போறது ஓரிடத்தில் மீட்சி, இன்னோரிடத்தில் விலங்கு. ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும். வித்தியாசத்தை நாங்கள் கேட்டுத்தான் அறியவேணும்.

அதால என்ர முன்மொழிவுகள்:

ஒண்டு, மூலப்பொருள் எங்கயிருந்து வருது, எத்தனை மணித்தியால வேலை, என்ன விலைக்குப் போகுது — இது படத்துக்குக் கீழே கட்டாயம் வேணும். பின்னினவரின் பெயரும், அவர் விரும்பினால்.

இரண்டு, தொழிலை விட்டுப்போன மகனையும் மகளையும் தேடிப் படம் எடுங்கோ. அவை "மறைந்துவரும் கலை"யின் குற்றவாளிகள் இல்லை. ஏன் போனவை எண்டு அவையே சொல்லட்டும்.

மூண்டு, பாதை, வேலி, விற்பனைப் பலகை, இடைத்தரகரின் கணக்குக் கொப்பி. இதுகளும் அந்தக் குடும்பத்தின் படங்கள்தான்.

நாலு, பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் பதிப்புரிமை. நாங்கள் ஒண்டும் எழுதாமல் விட்டால் முதலாளிப் பக்கம் நாங்கள்தான். பிரதி கொடுக்கிறது, விற்றால் பங்கு, பிறகு வேண்டாம் எண்டால் எடுத்துவிடுறது — மூண்டையும் அவையின்ர மொழியில எழுதிக் கையெழுத்து வைப்பம். நாங்களும் வைக்கவேணும்.

தேநீருக்குப் பிறகு அந்த ஒப்பந்தத்தை வரிவரியாக எழுதத் தொடங்குவம். முதல் வரியிலேயே சண்டை வரும், வரட்டும்.